யார் கை முழம்?

கேள்வி இது: சாண், முழம், விரற்கடை என்று கையால் அளப்பதை நம்பலாமா? ஆளுக்கு ஆள் கை மாறுகிறதே, பூக்காரம்மா முழம் போட்டால் நமக்கு நஷ்டம்தானே? அம்மா விரல் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் சோறு பதமாக வருகிறது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நான் அதே மாதிரி செய்தால் குழைந்து போகிறது, ஏன்?

நான் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன். பாக்கெட்டில் எப்போதும் டேப் கிடக்கும். ஆனாலும் ஒரு நாளில் டேப்பை இழுப்பதைவிடக் கையை விரிப்பதுதான் அதிகம். அதனால் இதில் எனக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் தெரு முனையில் சாயங்காலம் ஒரு அம்மா மல்லிகை விற்கிறார். நார் நுனியை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சரத்தை முழங்கை மேட்டு வரை இழுத்து, அங்கே ஒரு மடிப்பு. அடுத்த முழம் அந்த மடிப்பிலிருந்து. கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கும், கை தன் பாட்டுக்கு அளக்கும். ஒரு நாள் ஆசைக்கு அவர் அனுமதியோடு டேப்பை வைத்துப் பார்த்தேன். 42 சென்டிமீட்டர். என் முழம் 46. அதாவது என் கையால் அளந்திருந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் பூ கிடைத்திருக்கும்.

நஷ்டமா? இல்லை. மார்க்கெட்டில் அரும்பை அவர் எடைக்கு வாங்குகிறார். வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறார். கால் கிலோ அரும்பு தன் கைக்கு எத்தனை முழம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் முழத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். விலையும் அந்தக் கையும் ஜோடி. கை நீளமாக இருந்திருந்தால் விலையும் அதற்கேற்ப இருந்திருக்கும். சிக்கல் எப்போது வருகிறது தெரியுமா? அவர் எழுந்து போய், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகளை உட்கார வைக்கும்போது. விலை அம்மாவின் விலை, கை பெண்ணின் கை. பழகிய வாடிக்கையாளர்கள் உடனே, "ஏம்மா, உங்கம்மா கை முழத்துக்குப் போடு" என்பார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே முழங்கையைத் தாண்டி இரண்டு விரல் கூட இழுத்துவிடும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த இரண்டு விரலில் இருக்கிறது.

உண்மையில் பூவில் ஏமாறுகிற இடம் முழம் இல்லை, கட்டு. நெருக்கிக் கட்டிய சரமும் விட்டு விட்டுக் கட்டிய சரமும் ஒரே முழம்தான், பூவோ பாதிக்குப் பாதி. நீளத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் சரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். 12 விரற்கடை ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு பாகம். விரற்கடை என்பது விரலின் அகலம், நீளம் இல்லை. கட்டை விரலை விட்டுவிட்டு நாலு விரலையும் சேர்த்து வைத்து மூன்று தடவை நகர்த்தினால் ஒரு சாண் வந்துவிடும், இப்போதே வைத்துப் பாருங்கள். சாண், கையை நன்றாக விரித்தால் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை. முழம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பாகம், இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றால் நுனிக்கு நுனி. சில ஊரில் மார் என்பார்கள். கடலில் ஆழத்தை மீனவர்கள் இன்றும் பாகத்தில்தான் சொல்கிறார்கள். கயிற்றை இழுக்கும்போது கை தானாகவே விரிந்து மடங்குகிறது, எண்ணிக்கொண்டே போனால் ஆழம் வந்துவிடும். அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அளவு இருக்க முடியாது.

இந்த வாய்ப்பாடு யாரோ உட்கார்ந்து வசதிக்காக எழுதியதில்லை, உடம்பே அப்படித்தான் இருக்கிறது. விரித்த கைகளின் நீளம் கிட்டத்தட்ட ஆள் உயரம். அதில் நாலில் ஒன்று முழம், எட்டில் ஒன்று சாண். "எறும்பும் தன் கையால் எண் சாண்" என்கிறோமே, அதை அடக்கத்துக்கான அறிவுரையாக மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது சுத்தமான வடிவியலாகத்தான் தெரிகிறது. எறும்புக்குச் சாண் ஏது என்று கேட்காதீர்கள். சொல்ல வருவது, அவரவர் கையால் அளந்தால் அவரவர் உயரம் எல்லோருக்கும் ஒரே எண்தான். ஐந்தடிக்காரருக்கும் எட்டு, ஆறடிக்காரருக்கும் எட்டு. சித்த மருத்துவத்தில் இதையே விரலுக்கு மாற்றி, உடம்பு அவரவர் கைக்கு 96 விரற்கடை என்பார்கள். எட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் அதுதான் வரும்.

ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த கணக்கும் இதேதான்: நாலு விரல் ஒரு உள்ளங்கை, ஆறு உள்ளங்கை ஒரு முழம், நாலு முழம் ஒரு ஆள். பெருக்கிப் பாருங்கள், 96 விரல். வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கிற மனிதனை லியனார்டோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்தாரே, அது விட்ருவியஸின் இந்தக் கணக்குக்குப் போட்ட படம். இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ஊரிலும் ஆளுக்கு இரண்டு கை, அவ்வளவுதான்.

கை ஒரு நீளத்தைச் சொல்வதில்லை, ஒரு விகிதத்தைச் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது தானே விளங்கும். அளக்கிற கையும் அளக்கப்படும் பொருளும் ஒரே ஆளுடையதாக இருக்கும்வரை பிசகே கிடையாது.

மருத்துவமனையில் தீக்காயத்தின் பரப்பை அவசரத்தில் மதிப்பிட ஒரு வழி உண்டு. விரல்களோடு சேர்த்த உள்ளங்கையின் பரப்பு உடம்பின் மொத்தத் தோலில் சுமார் 1 சதவீதம். யாருடைய உள்ளங்கை? காயம்பட்டவருடையது. குழந்தைக்குக் காயம் என்றால் குழந்தையின் கை. டாக்டர் தன் கையை வைத்தால் கணக்கு பிழைத்துப் போகும். களிம்புக்கும் இப்படி ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். சித்த வைத்தியத்தில் மணிக்கடை நூல் என்று ஒரு பரிசோதனை. நோயாளியின் மணிக்கட்டுக்கு மேலே நூலைச் சுற்றி எடுத்து, அந்த நூலை அவருடைய விரற்கடையாலேயே அளப்பார்கள். அது நோயைச் சொல்லுமா சொல்லாதா என்பது வேறு விவாதம். அளக்கிற முறை மட்டும் நேர்த்தியானது: யார் உடம்போ அவர் விரல்.

சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கிற ஸ்தபதிகள் டேப்பைத் தேடுவதில்லை. செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு குறிக்கிறார்கள். முகத்துக்கு இத்தனை பங்கு, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை. சிற்ப நூல்களில் இதற்கு அடிப்படை தாலம். முகத்தின் நீளம் ஒரு தாலம். உங்கள் கையை முகத்தில் பதித்துப் பாருங்கள். மணிக்கட்டு முகவாயில் இருந்தால் நடுவிரல் நுனி நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைத் தொடும். அரையடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் ஓலைதான் மாறுகிறது, பங்கு மாறுவதில்லை. எறும்பின் சாண் மறுபடியும்.

சரி, எங்கே பிசகும் என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. சமையலறையில் குக்கர் வைக்க ஒரு பலகை போட வேண்டியிருந்தது. வேலைத் தளத்தில் நின்றபடி ஆசாரிக்குப் போன் போட்டேன். டேப் வண்டியில் கிடந்தது. முந்தின நாள் ராத்திரி சுவரில் கை வைத்துப் பார்த்தது ஞாபகம் இருந்ததால், "அண்ணே, நாலு சாண் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி சார் என்றார். சாயங்காலம் பலகையோடு வந்து வைத்தால், ஒரு பக்கம் மூன்று அங்குலம் காற்றில் நிற்கிறது. நான் கத்த வாயெடுத்தேன். அவர் பேசாமல் என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். என் சாண் ஒன்பது அங்குலம், அவருடையது எட்டேகால். "நீங்க உங்க சாணைச் சொன்னீங்க, நான் என் சாணை வச்சேன். யார் மேல தப்பு சார்?" இருபது வருஷம் மேற்பார்வை பார்த்தவனுக்கு இது தேவைதான். அந்தப் பலகை இப்போது பூஜை அறையில் இருக்கிறது.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதுதான் அளவு உடைகிறது. ராஜாக்களும் சர்க்காரும் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். இரண்டு பேருக்கு நடுவில் நிலம் இருக்கிறது, வரி இருக்கிறது. யார் சாண் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அர்த்தசாஸ்திரம் இதற்கு நடுவழி ஒன்று சொல்கிறது: அங்குலம் என்பது நடுத்தர உடல்வாகுள்ள மனிதனின் நடுவிரலின் நடுப்பகுதி அகலம். மூன்று நடுவைப் போட்டும் திருப்தியில்லாமல், எட்டு யவ (பார்லி) தானியத்தின் அகலம் என்று இன்னொரு பிடிமானத்தையும் வைத்திருக்கிறது. சோழர்கள் கையைக் கோலாக்கினார்கள். கல்வெட்டுகளில் 16 சாண் கோல், 12 சாண் கோல் என்று வரும். நிலம் அளக்கிற கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. பெயரில் சாண் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கை போய்விட்டது. சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எகிப்தில் சாதாரண முழம் ஆறு உள்ளங்கை. அரசாங்க முழம் ஏழு உள்ளங்கை, இன்றைய கணக்கில் சுமார் 52 சென்டிமீட்டர். அரசாங்கத்தின் கை எங்குமே கொஞ்சம் நீளம்தான் போலிருக்கிறது. இங்கிலாந்தில் குதிரையின் உயரத்தைக் கையில் சொல்வார்கள். ஒரு கை என்றால் சரியாக 4 அங்குலம் என்று எப்போதோ முடிவு கட்டியாயிற்று. அதில் ஒரு வேடிக்கை: 14.2 கை என்று எழுதினால் தசமம் இல்லை, பதினாலு கையும் இரண்டு அங்குலமும், மொத்தம் 58 அங்குலம்.

நம் வேட்டியும் இப்படி உறைந்துபோன முழம்தான். எட்டு முழ வேட்டி என்று கேட்டால் கடைக்காரர் தன் கையை நீட்டி அளப்பதில்லை. முழத்துக்கு 18 அங்குலம் வைத்து எட்டு முழம் 144 அங்குலம், அதாவது 4 கெஜம். மடிசார் கட்டுகிற ஒன்பது கெஜத்தைப் பதினெட்டு முழப் புடவை என்பதும் இதே கணக்கு. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் முறை வந்து, துணிக்கடையில் மீட்டர் கோல் ஏறிவிட்டது. வேட்டியின் பெயரில் மட்டும் முழம் இன்னும் இறங்கவில்லை. ஆக, முழத்தில் இரண்டு சாதி: பூக்காரம்மாவின் முழம் உயிருள்ளது, வேட்டியின் முழம் உறைந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு பூக்காரம்மாவிடம் 18 அங்குலம் எங்கே என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்.

சமையலுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது.

அம்மாவின் முறை என்ன? கழுவிய அரிசியை மட்டமாகத் தட்டிவிட்டு, ஆள்காட்டி விரல் நுனி அரிசியைத் தொட்டாற்போல் வைத்து, முதல் கோடு வரை தண்ணீர். விரலின் அந்தக் கண்ணி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அம்மா விரலுக்கும் உங்கள் விரலுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம், அதனால் சோறு குழையாது. குழைவது பாத்திரத்தால்.

18 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். அரிசிக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் நின்றால் அது கிட்டத்தட்ட 640 மில்லி. இரண்டு டம்ளர் அரிசி, டம்ளருக்கு 200 மில்லி என்றால் 400. அரிசிக்கு நடுவிலுள்ள சந்துகளில் தேங்குகிற தண்ணீர் இன்னொரு 160 சேர்த்து மொத்தம் 800. ஒன்றுக்கு இரண்டு. பச்சரிசி குக்கரில் பதமாக வருகிற கணக்கு. இப்போது அதே பாத்திரத்தில் ஒருத்தருக்கு மட்டும் என்று ஒரு டம்ளர் போடுங்கள். மேலே நிற்கிற தண்ணீர் அதே 640, சந்தில் 80. மொத்தம் 720, அரிசியோ 200. ஒன்றுக்கு மூன்றரைக்கு மேல் போய்விட்டது. அது சோறாக வராது, கஞ்சியாகத்தான் வரும். நீங்கள் தனியாகச் சமைக்கிறவர் என்றீர்கள்; வீட்டிலிருந்து கொண்டுபோன பெரிய பாத்திரம், ஒரு டம்ளர் அரிசி, அதுதான் நடந்திருக்கும்.

அகலமான பாத்திரத்திலும் இதே கதை. அந்த இரண்டு டம்ளரையே 24 சென்டிமீட்டர் பாத்திரத்தில் போட்டு விரல் வைத்தால் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் ஏறும். மாறாக 14 சென்டிமீட்டர் குறுகல் பாத்திரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது, விதை விதையாக நிற்கும். அம்மாவின் விரல் அவருடைய பாத்திரத்தோடும், வீட்டில் வழக்கமாகப் போடுகிற அரிசி அளவோடும், வாங்குகிற அரிசி ரகத்தோடும் சேர்ந்து பழகியது. மூன்றில் ஒன்றை மாற்றினால் விரலை மறுபடி பழக்க வேண்டும். சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு 12 அல்லது 13 சென்டிமீட்டர் விட்டம் சரியாக இருக்கும். புழுங்கலரிசி என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், இரண்டு மூன்று நாள் பார்த்துக் கோட்டைத் தாண்டி எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். வடிக்கிற வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை, உலைத் தண்ணீர் கூடினால் கஞ்சியில் போய்விடும்.

சிட்டிகை, கைப்பிடி இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உப்பில் ஒரு சிட்டிகை கூடினால் நாக்கு சொல்லிவிடும், கீரையில் ஒரு பிடி கூடினால் யாருக்கும் தெரியாது. எந்தப் பொருளுக்கு எந்த அளவு என்பதிலேயே எவ்வளவு பிழையைத் தாங்கும் என்ற அறிவு இருக்கிறது. புளிக்கு எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்று பழத்தை வைத்துச் சொல்வதும் கையளவுதான். உருட்டிப் பிடித்தால் உள்ளங்கைக்குத் தெரியும்.

வளையல் கடையிலும் கைதான் அளவு, ஆனால் அங்கே அளக்கப்படுவதே கை. விரல்களைக் குவித்தால் மொளி, அதாவது விரல் முட்டி, அகலமாக இருக்கிற இடம் எவ்வளவோ அதற்கு ஏற்ற விட்டம். 2-4 என்றால் இரண்டே கால் அங்குலம், 2-6 என்றால் இரண்டும் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கும், 2-8 என்றால் இரண்டரை.

இனி இதைப் பழகிக்கொள்ள விரும்பினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்கள் கையை டேப்பால் அளந்து எண்ணை மனப்பாடம் செய்துவிடுங்கள். என் எண்கள்: கட்டை விரல் அகலம் இரண்டேகால் சென்டிமீட்டர், நாலு விரல் ஏழரை, சாண் 23, முழம் 46, பாகம் 177. தொலைபேசி எண்ணைவிட அதிகம் பயன்பட்டவை இவை. இந்தக் கணத்திலிருந்து கை விகிதம் இல்லை, அடிக்கோல். பீரோ வாசலில் நுழையுமா, ஜன்னல் திரைக்குத் துணி எவ்வளவு, டைல்ஸ் எந்த அளவு, கடையில் நின்றபடியே சொல்லிவிடலாம். ஆனால் ஆசாரியிடம் சொல்லும்போது சென்டிமீட்டரில் சொல்லுங்கள். சாணாகச் சொல்லாதீர்கள், சொல்லிவிட்டேன்.

டேப் இல்லையென்றால் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7. புதிய 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 சென்டிமீட்டர். இரண்டில் எதை வைத்தும் சாணை அளந்துகொள்ளலாம். சாண் போடும்போது கையை வலிக்க வலிக்க விரிக்காதீர்கள். பத்தாவது சாணில் கை தளர்ந்து நீளம் குறையும். வசதியாக விரிகிற அளவே உங்கள் சாண். நீளமான சுவரைச் சாணால் அளப்பதும் வீண் வேலை. ஒவ்வொரு முறை கையைத் தூக்கி வைப்பதிலும் கால் அங்குலம் பிசகினால் இருபது சாணில் அது ஐந்து அங்குலம். அதற்குப் பாகம் போடுங்கள், இல்லையென்றால் காலடி.

தொட முடியாத தூரத்துக்கும் கை உதவும். ஒரு கண்ணை மூடி, நீட்டிய கட்டை விரலால் தூரத்திலுள்ள ஒன்றை மறையுங்கள். கண்ணை மாற்றினால் விரல் பக்கவாட்டில் தாவும். எவ்வளவு தாவியது என்பதை அங்கே நிற்கிற ஏதாவது ஒன்றை வைத்து மதிப்பிட்டு, பத்தால் பெருக்கினால் தூரம். ஒரு பஸ் நீளம், சுமார் 12 மீட்டர் தாவினால் அது 120 மீட்டர் தள்ளி இருக்கிறது. கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போலப் பத்து மடங்கு நம் கை நீளம் என்பதால் இது வேலை செய்கிறது. இங்கேயும் விகிதம்தான்.

வானத்தை அளப்பதுதான் இதில் உச்சம். கையை முழுசாக நீட்டினால் சுண்டு விரல் அகலம் சுமார் 1 பாகை, நடு மூன்று விரல் 5 பாகை, மூடிய முஷ்டி 10 பாகை. குழந்தைக்கும் இதே எண்கள்தான், ஏனென்றால் சின்ன முஷ்டி சின்னக் கையின் முனையில் இருக்கிறது. நிலவு அரைப் பாகை. கிழக்கே எழும்பும்போது தாம்பாளம் மாதிரி தெரிகிற முழுநிலவைச் சுண்டு விரலால் மறைத்துப் பாருங்கள், மறைந்து போகும். நடுவானில் சின்னதாகத் தெரியும்போதும் அதே விரல்தான். கண் ஏமாற்றுகிறது, விரல் ஏமாறுவதில்லை.

துருவ நட்சத்திரம் வடக்குத் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அது ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. சென்னையில் 13, அதாவது ஒரு முஷ்டிக்கு மேல் மூன்று விரலுக்குள். கன்னியாகுமரியில் 8, ஒரு முஷ்டிகூட இல்லை. இந்தியப் பெருங்கடலில் ஓடிய அரபு மாலுமிகள் நட்சத்திர உயரத்தை இஸ்பா என்ற அளவில்தான் சொன்னார்கள். இஸ்பா என்றால் விரல். கை நடுங்குகிறது, கப்பலும் ஆடுகிறது என்பதால் விரலுக்குப் பதில் ஒரு சின்னப் பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் வந்தன. கமால் என்று பெயர். நம் சோழமண்டலக் கரையில் இப்படிப்பட்ட ஒன்றை ராப்பலகை என்றார்கள். பலகை வந்த பிறகும் கணக்கு விரலிலேயே நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. அஸ்தமனத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கத் தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் விரலை அடுக்குங்கள், விரலுக்குக் கால் மணி, நாலு விரலுக்கு ஒரு மணி நேரம் என்று வெளிநாட்டு மலையேற்றக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நம் ஊரில் அதை நம்பினால் காட்டிலேயே இருட்டிவிடும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நாலு விரல் சுமார் 8 பாகை. லண்டன் பக்கம் சூரியன் சரிவாக, சாய்ந்து சாய்ந்து இறங்குவதால் அந்த 8 பாகையைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் அது நேர் கீழே விழுகிற மாதிரி இறங்குகிறது, அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆனால் உள்ளே போய்விடும். அதனால் நமக்கு விரலுக்கு எட்டு நிமிடம். மொட்டை மாடியில் கடிகாரத்தோடு நின்று இரண்டு மூன்று நாள் சரிபார்த்தேன், மேகம் இல்லாத நாளில் எட்டு ஒன்பது நிமிடத்துக்குள் வந்தது. சூரியன் சிவந்து தாழ்ந்த பிறகு மட்டும் பாருங்கள், அதற்கு முன் கண்ணுக்கு ஆகாது.

வளர்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் சாணையும் அளந்து நிலைக்கதவில் உயரக் குறிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எட்டால் பெருக்கினால் அந்த உயரக் குறிக்கு அருகே வருகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பூ வாங்கப் போகும்போது மட்டும் டேப்பை எடுக்க வேண்டாம். நான் எடுத்த அன்றைக்கு 42 சென்டிமீட்டர் என்ற எண் கிடைத்தது. வழக்கமாகக் கடைசியில் கிள்ளிப் போடுகிற அந்த நாலு கண்ணி கொசுறு கிடைக்கவில்லை.